யு.என். அட்டையும் குடிநுழைவுச் சட்டமும்: தோட்டப்புறத்தில் தஞ்சம் கேட்டு நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் பசாருக்குப் பின்னால் இருக்கும் ஒட்டுக்கடையில் சனிக்கிழமை காலை ஒரு மேசை எனக்கு. தோட்டத்தில் கிராணியாக (கணக்கெழுத்தராக) இருந்துவிட்டு, பிறகு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் என்பதால், பாரம் நிரப்ப, கடிதம் எழுத, மனுப் போட என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஐசி (அடையாள அட்டை) தொலைந்தவர், இபிஎஃப் சேமநிதிப் பணம் வராதவர், மகனுடைய பிறப்புப் பத்திரத்தில் பெயர் தப்பாக விழுந்தவர். சில வருடங்களாக இந்த வரிசையில் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்து, திரும்பிப் போகப் பயந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள்.

அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "அண்ணை, யு.என். காட் எடுத்தா இஞ்ச வேலை செய்யலாம்தானே?"

செய்ய முடியாது தம்பி. ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுக்கும் அந்த அட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரியாமல் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை, செய்யக்கூடாததை, இந்த மேசையில் பார்த்த வரைக்கும் எழுதுகிறேன். அகதியாக வந்தவருக்கும் பயன்படும், அவருக்கு அறை வாடகைக்கு விட்ட நம் ஆளுக்கும் பயன்படும்.

முதலில் தெரிய வேண்டியது: இரண்டு வாசல்

அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் மலேசியா கையெழுத்திடவில்லை. சிங்கப்பூரும் இல்லை, இந்தியாவும் இல்லை. நம் குடிநுழைவுச் சட்டம் 1959/63இல் அகதி என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. பாஸ் (தங்குவதற்கான அனுமதி) இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். குண்டுக்குத் தப்பி வந்தவரும், சுற்றுலா விசாவில் வந்து ஊர் திரும்பாமல் உணவகத்தில் தட்டுக் கழுவுபவரும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஆள்.

அதனால் இரண்டு வாசலில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குடிநுழைவுத் துறை கேட்பது, எப்படி வந்தாய். கோலாலம்பூரில் இருக்கும் ஐ.நா. அகதிகள் ஆணையம் கேட்பது, ஏன் வந்தாய். முதல் வாசலில் போய் ஏன் வந்தேன் என்று அழுது பயனில்லை. இரண்டாவது வாசலில் எப்படி வந்தேன் என்பதை மறைத்துக் கதை கட்டினால், ஏன் வந்தேன் என்பதையும் நம்பமாட்டார்கள். இந்த வழிகாட்டியில் இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டு கேள்வியில் ஏதோ ஒன்றுக்கான பதில்தான்.

அந்த ஆணையம் 1975இல், வியட்நாமிலிருந்து படகில் மக்கள் வந்த காலத்தில், இங்கே வேலையைத் தொடங்கியது. அரசாங்கம் இடம் கொடுத்திருக்கிறது, ஆனால் அது கொடுக்கும் அட்டைக்குச் சட்டத்தில் இடம் கொடுக்கவில்லை. இந்த முரண்பாட்டுக்குள்தான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள். நம் ஈழத்தவர் அதில் சிறு தொகை.

கடப்பிதழைப் பத்திரப்படுத்துங்கள்

இதைத்தான் எல்லாரும் அலட்சியமாக விடுகிறார்கள். "விசா முடிஞ்சுது, இனி அந்தப் புத்தகம் என்னத்துக்கு?" என்று ஏஜெண்டிடமே விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தின் 6ஆம் பிரிவு செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவரைப் பற்றியது. 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அத்தோடு ஆறு பிரம்படி வரை விதிக்கலாம். பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. 15ஆம் பிரிவு முறையாக நுழைந்து, கெடு முடிந்த பிறகும் தங்கியவரைப் பற்றியது. அதிலும் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஆனால் பிரம்படி கிடையாது.

விசாவோடு கேஎல்ஐஏ விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஒருவர் அதைக் காட்டக் கையில் எதுவும் இல்லாமல் நின்றால், 6ஆம் பிரிவில் குற்றம் சாட்டப்படும் ஆபத்து இருக்கிறது. நுழைவு முத்திரை விழுந்த அந்த ஒரு பக்கம் ஒரு மனிதனுடைய முதுகைக் காப்பாற்றக்கூடியது. எனவே முகப்பக்கத்தையும் முத்திரைப் பக்கத்தையும் இன்றே போட்டோ எடுங்கள். போனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று. விமான டிக்கெட் இருந்தால் அதையும் சேருங்கள்.

கடப்பிதழ் காலாவதியாகப் போகிறதே, தூதரகத்தில் போய்ப் புதுப்பிக்கலாமா என்று கேட்பார்கள். தன் நாட்டு அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, அதே அரசாங்கத்தின் தூதரகத்தில் போய் வரிசையில் நின்றால், தன் விருப்பத்தோடு அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ள உடன்படிக்கையின் 1சி பிரிவில் வழி இருக்கிறது. வேறு வழியே இல்லாத நிலை என்றால், போவதற்கு முன் ஆணையத்திடமோ அகதிகள் விவகாரம் தெரிந்த வழக்கறிஞரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆணையத்தில் பதிவு

பீடோரிலிருந்து பஸ் ஏறி நேரே கோலாலம்பூர் போய் வாசலில் நின்றால் காரியம் நடக்காது. முன்பதிவு வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பி, அவர்கள் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம். அதற்குள் போன் நம்பரை மாற்றிவிட்டு அவர்களுக்குச் சொல்லாமல் விட்டவர்கள் ஏராளம். சிம் கார்டு மாற்றுவது நம் ஆட்களுக்குச் சட்டை மாற்றுவது போல. தயவுசெய்து மாற்றாதீர்கள், மாற்றினால் உடனே தெரிவியுங்கள்.

இந்தச் சேவை எல்லாமே இலவசம். பாரம், நேர்காணல், அட்டை எதற்கும் காசு இல்லை. "உள்ளே ஆள் இருக்கு, மூவாயிரம் கொடு" என்று யார் சொன்னாலும், சொந்த மாமனாக இருந்தாலும், எழுந்து போய்விடுங்கள். பொய் அட்டை அச்சடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. உண்மையான அட்டையை வெரிஃபை-எம்ஒய் என்ற செயலியில் சரிபார்க்கலாம், போலீசும் சரிபார்ப்பார்கள். பொய் அட்டையோடு பிடிபட்டால் அது தனிக் குற்றம், உண்மையான விண்ணப்பமும் சேர்ந்து கெட்டுவிடும்.

பெயரும் பிறந்த தேதியும்

இங்கே கொஞ்சம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் நானே தப்பு செய்த இடம் இது.

இலங்கைக்காரர்களுடைய பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாள் கணக்கோடு 500ஐக் கூட்டிப் போட்டிருப்பார்கள். ஒரு தம்பி வந்தார், அட்டை எண் 85135 என்று தொடங்கியது. அப்படியென்றால் 1985, 135ஆவது நாள். பிறப்புப் பத்திரத்தில் மே 14. நான் காலண்டரை வைத்து எண்ணினேன். ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, ஆக 120. மிச்சம் 15. "தம்பி, உன் தேதி தப்பு, மே 15 என்று போடு" என்று பெரிய மனுஷத்தனமாகத் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

பிறகு கொழும்பில் வேலை பார்த்த ஒரு ஐயாதான் சொன்னார், அந்த அட்டையில் எல்லா வருடத்துக்கும் பிப்ரவரியை 29 நாளாகத்தான் எண்ணுவார்கள் என்று. மே 14தான் சரி. நான் திருத்திய பாரம் அதற்குள் போய்விட்டது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு தேதி, விண்ணப்பத்தில் இன்னொரு தேதி. அந்தத் தம்பி நேர்காணலில் முதல் பத்து நிமிடம் என் கணக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து யாருடைய தேதியையும் நான் திருத்துவதில்லை. பத்திரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

பெயரிலும் இதே வம்பு. நமக்குத் தகப்பன் பெயர் ஏ-எல் (இன்னாரின் மகன்) போட்டுப் பின்னால் வரும். அவர்களுடைய கடப்பிதழில் தகப்பன் பெயர் முன்னால் வரும், சில சமயம் குடும்பப் பெயராகவே பதிவாகியிருக்கும். இங்கே கிளினிக்கில் பதிவு செய்யும் பெண் பழக்கத்தில் ஏ-எல் சேர்த்து மாற்றி அடித்துவிடுவார். தோட்டத்துக் கோயில் கடிதத்தில் கூப்பிடும் பெயர் மட்டும் இருக்கும். இப்படி ஒரே ஆள் நான்கு பெயரில் நிற்பார். ஒரு துண்டுத் தாளில் கடப்பிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்களை அதே வரிசையில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயர் கேட்டாலும் வாயால் சொல்லாதீர்கள், தாளைக் காட்டுங்கள். குழந்தை பிறக்கும்போது ஆஸ்பத்திரியிலும் அதே தாள்தான்.

நேர்காணல்

பதிவு முடிந்து, பிறகு ஒருநாள் அகதி நிலையைத் தீர்மானிக்கும் நேர்காணலுக்கு அழைப்பு வரும். இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து, இந்த ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். கடன் தொல்லை, வேலையின்மை இதற்குள் வராது. போர் நடந்த ஊரில் பிறந்த தமிழன் என்பது மட்டும் போதாது என்பதையும் பலர் உணர்வதில்லை. போர் முடிந்த பிறகு, 2010 ஜூலையில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வடபகுதித் தமிழர் எல்லாரையும் ஒட்டுமொத்தமாக அகதியாகக் கருதும் நிலை போய்விட்டது. 2012 டிசம்பரில் வந்ததில், ஆபத்துள்ளவர்கள் யார் யார் என்று வகை பிரித்தார்கள்: புலிகளோடு தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கப்படுபவர்கள், பத்திரிகையாளர்கள், மனித உரிமை மீறலுக்குச் சாட்சியானவர்கள், குறிப்பிட்ட சூழலில் உள்ள பெண்கள் என்று. ஆகவே சொல்ல வேண்டியது ஊர்க்கதை இல்லை, உங்கள் கதை. உங்களைத் தேடி யார் வந்தார்கள், எப்போது, என்ன கேட்டார்கள், திரும்பிப் போனால் ஏன் உங்களை விடமாட்டார்கள்.

தேதி நினைவில்லாதபோது இட்டுக்கட்டாதீர்கள். நினைவில்லை என்று சொல்வது குற்றமில்லை. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பெரிய சம்பவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சுனாமிக்கு முன்னா பின்னா, 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடியபோது எங்கே இருந்தீர்கள், நல்லூர்த் திருவிழா முடிந்திருந்ததா. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஓர் அக்கா தன் கணவரைக் கூட்டிப்போன தேதியைச் சொல்லத் திணறினார். "மெனிக் பாமுக்க மழை வெள்ளம் வந்து கூடாரம் மிதந்த கிழமை" என்றார். மெனிக் பாம் என்பது போர் முடிந்தபோது மக்களை அடைத்து வைத்திருந்த முகாம். அதை அப்படியே எழுதினோம். ஒரு பொய்த் தேதியைவிட அந்த வெள்ளத்துக்கு மதிப்பு அதிகம்.

புலிகள் இயக்கத்தில் இருந்ததை மறைப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லாத தொடர்பைச் சேர்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் கேடு. போர்க்குற்றம் போன்ற கடும் குற்றத்தில் பங்கெடுத்தவர்களை உடன்படிக்கையின் 1எஃப் பிரிவு விலக்கி வைக்கிறது. கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது, வரி கட்டியது, பங்கர் வெட்டியது வேறு. விருப்பத்தோடு சேர்ந்து பொறுப்பில் இருந்தது வேறு. எது நடந்ததோ அதை விவரமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை ஆணையம் உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்காது.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர். தமிழ்தானே, என்ன பிரச்சினை என்று நாம் நினைப்போம். "ஆமிக்காரர் வந்து என்னோட கதைச்சவை" என்று ஒருவர் சொன்னால், இங்கே பால்மரம் வெட்டி வளர்ந்த நம் காதில் கதை விட்டது போல விழும். அவர் சொன்னது, பேசினார்கள் என்று. "அவை வந்தவை" என்றால் நமக்கு அஃறிணை, அவர்களுக்கு மரியாதைப் பன்மை. "வெளிக்கிட்டம்" என்றால் கிளம்பினோம். "விசாரணை" என்ற ஒரு சொல்லே முகாமில் அடித்துக் கேட்டதாகவும் இருக்கலாம், நீதிமன்ற வழக்காகவும் இருக்கலாம், யாரோ வந்து நலம் விசாரித்ததாகவும் ஆகிவிடலாம். ஆகவே தொடக்கத்திலேயே, மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரிகிறதா என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். "அடித்துக் கேட்டார்கள்", "நீதிபதி முன் நிறுத்தினார்கள்" என்று பிரித்துப் பேசுங்கள். பெண்கள், பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம்.

மறுத்துவிட்டால்

மேல்முறையீடு உண்டு. பொதுவாக 30 நாள், கடிதத்தில் என்ன தேதி இருக்கிறதோ அதுதான் கெடு. நம் நாட்டு நீதிமன்றத்தில் அந்த முடிவை எதிர்த்து வழக்குப் போட வழியில்லை, ஏனென்றால் ஐ.நா. அமைப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே இந்த ஒரு மேல்முறையீட்டை ஒட்டுக்கடை மேசையில் என்னை வைத்து எழுதாதீர்கள். அசைலம் அக்சஸ் மலேசியா என்ற அமைப்பு இந்த வேலையைத்தான் செய்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் கேளுங்கள்.

பிடிபட்டால்

எங்கள் பக்கத்தில் இது வெறும் பேச்சில்லை. லங்காப் குடிநுழைவுத் தடுப்பு முகாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பீடோரிலும் ஒரு தற்காலிக முகாம். 2024 பிப்ரவரி 1ஆம் தேதி இரவு அங்கிருந்து 131 பேர் தப்பியோடினார்கள், பெரும்பாலும் ரோஹிங்யாக்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கறுத்த முகத்தோடு மோட்டார் சைக்கிளில் போன எங்கள் பையன்களிடமும் ஐசி கேட்கப்பட்டது. எங்கள் பாட்டி சாகும்வரை குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசியோடு இருந்தவர். போலீஸ் வண்டி தோட்டத்துக்குள் நுழைந்தால் முந்தானைக்குள் கையை விட்டு அது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலை இப்போது இந்தத் தம்பிகளிடம் பார்க்கிறேன்.

நிறுத்தினால் ஓடாதீர்கள். அசல் அட்டை அல்லது ஆணையத்தின் கடிதம் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வதும் உண்டு, பிடித்துக்கொண்டு போவதும் உண்டு. விட்டாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. காப்பிக் காசு (லஞ்சம்) கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். கேட்டவர் மேல் மட்டுமில்லை, கொடுத்தவர் மேலும் வழக்கு வரும்.

அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு "எந்த நபரையும்" என்றுதான் பேசுகிறது, குடிமகன் என்று சொல்லவில்லை. ஏன் கைது என்று தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரைப் பார்க்கவும் உங்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே பிரிவு ஒரு விஷயத்தில் பிரித்துவிடுகிறது. நம்மை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்; குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அது 14 நாள். அந்த 14 நாளில்தான் ஆள் எங்கே என்றே தெரியாமல் குடும்பம் அலையும். போலீஸ் கைது செய்தால் உறவினர் ஒருவருக்குப் போன் செய்ய அனுமதி கேட்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் அது இருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் நம்பர் எங்கே இருக்கும்? இரண்டு நம்பரையாவது மனப்பாடம் செய்யுங்கள். மேசையில் உட்காருபவர்களைப் பார்க்காமல் சொல்லச் சொல்வேன். மனைவியின் நம்பரையே தப்பாகச் சொல்வார்கள்.

வெளியில் இருப்பவர்கள் உடனே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்: பெயர், அட்டை எண், பிடித்த இடம், நேரம், எந்தத் துறை. 2019 ஆகஸ்டிலிருந்து ஆணையத்தின் ஆட்களைக் குடிநுழைவு முகாம்களுக்குள் விடுவதில்லை. அதனால் முகாமுக்குப் போவதற்கு முன்னால், காவல் நிலையத்தில் இருக்கும்போதே செய்வதற்குத்தான் மதிப்பு. மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் எழுதுங்கள். தடுப்பு இடங்களைப் பார்வையிட அதற்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு.

நீதிமன்றத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று உள்ளே இருப்பவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். 6ஆம் பிரிவா, 15ஆம் பிரிவா? மேலே சொன்ன முத்திரைப் பக்கம் இங்கேதான் தேவைப்படும். ஒப்புக்கொண்டாலும் தண்டனைக்கு முன் பேச வாய்ப்புக் கொடுப்பார்கள். ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறேன், ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று அப்போது சொல்லிப் பதிவாக வேண்டும். 2009இல் மியன்மார்க்காரர் ஒருவருக்கு விதித்த பிரம்படியை உயர்நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆகவே சொல்வது வீண்போகாது.

தண்டனை முடிந்தால் விடுதலை என்று நினைக்காதீர்கள். சிறையிலிருந்து முகாம். 34ஆம் பிரிவின்படி நாடு கடத்தும் வரை தேவைப்படும் காலத்துக்கு வைத்திருக்கலாம், மாதக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. துறையின் முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்வதை 59ஏ பிரிவு பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. மிஞ்சுவது ஆட்கொணர்வு மனு. எங்களுக்கு ஈப்போ உயர்நீதிமன்றம். அதற்கு வழக்கறிஞர் இல்லாமல் முடியாது.

அட்டை இருந்தால் நாடு கடத்தமாட்டார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. 2014 மே மாதம் இலங்கைத் தமிழர் மூவரைத் திருப்பி அனுப்பினார்கள். மூவருமே ஆணையத்தில் பதிவானவர்கள். 2021 பிப்ரவரி 23 அன்று, நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்த அதே நாளில், 1,086 மியன்மார்க்காரர்கள் லுமுட்டிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. முகாமுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள் என்பதற்குச் சொல்கிறேன்.

இன்னொன்று. 2024 மார்ச்சில் தொடங்கியது போல, அபராதம் கட்டி ஊர் திரும்பும் திட்டங்களை அரசாங்கம் அவ்வப்போது அறிவிக்கும். "ஐந்நூறு வெள்ளியில் கேஸ் முடியுது" என்று யாராவது கூட்டிப் போவார்கள். அது ஊருக்குப் போவதற்கான வழி, இங்கே தங்குவதற்கான பாஸ் இல்லை. என்ன கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பாருங்கள்.

அறை கொடுத்தவர், வேலை கொடுத்தவர், கோயில்காரர்

இது நம் ஆட்களுக்கு. இரக்கப்பட்டு லயத்துப் பின்கட்டில் ஓர் அறை விட்டிருப்பீர்கள். 55ஈ பிரிவில், பாஸ் இல்லாதவரைத் தன் இடத்தில் தங்க விட்டவருக்குத் தலைக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுத்தவருக்கு 55பி: தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை, அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையும் பிரம்படியும் வரை போகும். ஒளித்து வைத்தார் என்று 56ஆம் பிரிவு வந்தால் அது இன்னும் கடுமை. அட்டை இருப்பவருக்கு இதிலெல்லாம் விதிவிலக்கு என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. உள்துறை அமைச்சர் விலக்கு கொடுக்க 55ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. அது அவர் கையில்.

என்னைக் கேட்டால், சாப்பாடு போடுவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, வழக்கறிஞருக்கு ஃபீஸ் கட்டுவது, நேர்காணலுக்குப் பஸ் காசு கொடுப்பது, இவைதான் இருவருக்கும் தொல்லை இல்லாத உதவி. கோயில் மண்டபத்தில் நிரந்தரமாகத் தங்க வைத்துவிட்டு, ஒருநாள் நிர்வாகமே நீதிமன்றப் படியேறுவதால் யாருக்கும் லாபம் இல்லை. வீடு விட்டே ஆக வேண்டும் என்றால் அட்டையைச் செயலியில் சரிபார்த்து, நகல் எடுத்து, காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள். அது முழுப் பாதுகாப்பு இல்லை, ஒளித்து வைக்கவில்லை என்பதற்காவது ஆதாரமாகும்.

வேலை செய்தவருக்குக் கூலி கொடுக்காமல், "போலீசைக் கூப்பிடவா?" என்று மிரட்டும் முதலாளிகளும் நம்மில் இருக்கிறார்கள். வெட்கக்கேடு. 2014இல் தொழில் நீதிமன்றம், அகதி ஒருவரைக் காரணமில்லாமல் வேலைநீக்கம் செய்தது தவறு என்று தீர்ப்பளித்திருக்கிறது. கடப்பிதழைப் பிடுங்கி வைத்து, அடைத்து வேலை வாங்கினால் அது 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரலாம். அப்படிப் பாதிக்கப்பட்டவர்மேல் சட்டவிரோத நுழைவுக்காக வழக்குப் போடாமல் இருக்க அந்தச் சட்டத்தில் வழி உண்டு. தெனாகனித்தா என்ற தொண்டு அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள், இந்த விஷயத்தில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம்.

ஆஸ்பத்திரியும் பிள்ளையும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டை உள்ளவருக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. பாதியே சில சமயம் ஆயிரக்கணக்கில் வரும், முன்பணமும் கேட்பார்கள். அட்டையோ பத்திரமோ இல்லாத நோயாளியைப் பற்றித் தகவல் கொடுக்கச் சொல்லும் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை 2001இலிருந்து இருக்கிறது. அதற்குப் பயந்து வீட்டில் பிரசவம் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். கர்ப்பம் தெரிந்த உடனே ஆணையத்துக்குச் சொல்லிப் பதிவை விரைவுபடுத்தக் கேளுங்கள்.

பிறந்தால் 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பத்திரத்தில் குடியுரிமை இல்லாதவர் என்றுதான் வரும். இருந்தாலும் அந்தத் தாள் இல்லாத பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளையாகிவிடும். திருமணப் பத்திரம் இல்லையென்றால் தகப்பன் பெயரைச் சேர்க்க இருவரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும், தாய் மட்டும் போனால் அந்த இடம் காலியாக விழும். பள்ளிக்கூடம் சுருக்கமாக: அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது. தமிழ்ப்பள்ளியில் ஆள் குறைந்து, தலைமையாசிரியரே ஆசைப்பட்டாலும் முடியாது. அகதிச் சமூகத்தின் கல்வி மையங்கள்தான் வழி, அவை பெரும்பாலும் கோலாலம்பூர்ப் பக்கம்.

மூன்றாம் நாடு

இதற்கு விண்ணப்பப் பாரம் இல்லை. ஆணையம்தான் தேர்ந்தெடுத்து அனுப்பிவைக்கும், ஏற்பது அந்த நாடு. உலக அளவில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது; 2025 ஜனவரியில் அமெரிக்காவும் தன் திட்டத்தை நிறுத்தி வைத்தது. படகு ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறேன் என்று இன்றும் ஆள் பிடிக்கிறார்கள். படகில் வருபவரை அங்கே குடியேற்றுவதில்லை என்று அந்த நாடு 2013 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2011இல் படகில் வந்த 800 பேரை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டு இங்கிருந்து 4,000 அகதிகளை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். தஞ்சம் கேட்பவரைக் காக்க மலேசியாவுக்குச் சட்டக் கடமை இல்லை என்பதால் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றமே அதைத் தள்ளியது.

பெயர் வந்து, விசா வந்து, டிக்கெட்டும் வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் விமானம் ஏற முடியாது. குடிநுழைவுத் துறையின் வெளியேறும் அனுமதி வேண்டும். எத்தனை வருடத்துக்குப் பிறகு போனாலும் அந்த கவுண்டரில் கேட்பது அதே பழைய கேள்விதான்: எப்படி வந்தீர்கள், எந்தத் தேதியில், எந்த வாசல் வழியாக. மின்னஞ்சலில் போட்டு வைத்த முத்திரைப் பக்கத்தின் போட்டோவை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.